நேற்று இல்லாத தளர்ச்சி வயதால் வந்ததல்ல: முதியோரின் பக்கவாதத்தை உடனே அறிவது எப்படி?

இரவுப்பணிச் செவிலி

முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் நான். புதிதாக வரும் உதவியாளர்களுக்குப் பக்கவாதத்தின் மூன்று அடையாளங்களை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்: வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. எங்களிடம் இருப்பவர்களில் பலருக்கு முகம் ஏற்கெனவே சமமாக இல்லை. பல்செட்டைக் கழற்றினால் ஒரு கன்னம் உள்ளே போய்விடுகிறது. தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்குக் கை மேலே எழும்புவதே இல்லை. காது மந்தமானவர் நாம் கேட்டதற்கு ஒன்று சொன்னால் அது பேச்சுக் கோளாறா, கேட்காத குறையா என்று புரியவில்லை. மறதி நோயுள்ளவர் தினமும்தான் தொடர்பில்லாமல் பேசுகிறார். முன்பே ஒருமுறை பக்கவாதம் வந்தவரின் வலக்கை எப்போதும் தளர்ந்துதான் இருக்கிறது. இவர்களிடம் புதிய பக்கவாதத்தை எப்படிப் பிரித்தறிவது?

"இன்றைக்கு என்னவோ சோர்வாக இருக்கிறார், வயதாகிவிட்டதல்லவா, காலையில் டாக்டர் வந்ததும் காட்டலாம்" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. அந்தக் காலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நரம்பியல் மருத்துவர்

செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் கேட்டதை முதியோரைக் கவனிக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அப்படியிருக்க, எண்பது வயதுக்காரர் திடீரென்று தளர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது பக்கவாதத்தை. நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு வாய் கோணினால் வீடே ஓடுகிறது. எண்பது வயதுக்காரருக்குக் கோணினால் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறார்கள். முதுமை மெல்ல மெல்லத்தான் தளர்த்தும். ஒரு பிற்பகலுக்குள் ஒரு கையை மட்டும் அது விழ வைக்காது.

ஆகவே "முகம் கோணியிருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நேற்றைவிட இன்று கோணியிருக்கிறதா" என்று கேளுங்கள். அந்தப் பதிலைத் தரக்கூடியவர் தினமும் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுபவர்தான். எங்களைப் போன்றவர்கள் அவரை முதல்முறையாகப் பார்க்கிறோம். எங்களுக்கு நேற்று என்பதே கிடையாது. உதவியாளர் "இவர் இப்படி இருக்க மாட்டார்" என்று சொன்னால் அதை நான் ஒரு பரிசோதனை முடிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி செய்முறை. முகத்துக்கு: பல்செட் அணிபவராக இருந்து அது ஏற்கெனவே வாயில் இருந்தால் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் தேடிப் பொருத்த வேண்டாம். பல்லைக் காட்டச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் நீங்களே பல்லைக் காட்டுங்கள், பலர் அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அந்த மடிப்பு புதிதாக மழுங்கியிருந்தால் அதுதான் அடையாளம். நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்குகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மூளைப் பாதிப்பில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துக்கொள்ளும்.

கைக்கு: உட்கார்ந்திருந்தால் இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பத்து எண்ணுங்கள். தளர்ந்த கை தடாலென்று விழாமலும் போகலாம். முதலில் உள்ளங்கை மெல்ல உட்பக்கம் திரும்பும், பிறகு கை நழுவிக் கீழிறங்கும். தோள் இறுகியவருக்கு அவரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரத்துக்கு நீங்களே தூக்கி வைத்து விடுங்கள். வலியால் தூக்க முடியாதவரும் வைத்த இடத்தில் சற்று நேரம் பிடித்துக்கொள்வார்; பக்கவாதம் வந்தவரின் கை நழுவும். அதுவும் முடியாதவர்களுக்கு உங்கள் இரண்டு விரல்களை இரு கைகளிலும் கொடுத்து இறுக்கச் சொல்லிப் பாருங்கள். காலையும் மறக்க வேண்டாம். படுத்த நிலையில் ஒவ்வொரு காலாகத் தூக்கி ஐந்து எண்ணுங்கள்.

பேச்சில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். குழறல் எல்லோருக்கும் தெரிகிறது. மூளையின் இடப்பக்கம் ஒரு குறிப்பிட்ட பகுதி பாதிக்கப்பட்டவர் குழறாமல், தடையில்லாமல், ராகத்தோடு பேசுவார். பொருள் மட்டும் இருக்காது. அதை உளறல் என்றும் மறதி நோய் முற்றிவிட்டது என்றும் எழுதிவைத்துவிடுகிறார்கள். அவர் கண்முன்னே ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். "கண்ணை மூடுங்கள்" என்று சைகை காட்டாமல் சொல்லிப் பாருங்கள். நேற்று வரை இவற்றைச் செய்தவர் இன்று செய்யவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. ஐயம் தீரட்டும் என்று காத்திருக்க அந்த மூளைக்கு நேரமில்லை. ஐயம் இருந்தாலே அழைக்கலாம். போன பிறகு பக்கவாதம் இல்லை என்று தெரிந்தால் யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

ஆம்புலன்ஸ் பணியாளன்

டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி "எப்போது கண்டுபிடித்தீர்கள்" என்பதல்ல. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்பதுதான். இந்த இரண்டுக்கும் பலர் ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தார். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் ஒரு பக்கம் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு வந்தது என்று சொன்னால் அது தவறான தகவல். மருத்துவமனையில் கடிகாரம் இரவு பத்திலிருந்துதான் ஓடும். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அந்த நேரம் எப்போதோ கடந்திருக்கும். ஆனால் மூன்று மணிக்கு அவர் எழுந்து கழிப்பறைக்கு நடந்து போனதையும், "விளக்கை அணைத்துவிடு" என்று தெளிவாகச் சொன்னதையும் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்திருந்தால்? கடிகாரம் மூன்றிலிருந்து ஓடும். ஏழரை வரை வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டில்காரரிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே நாங்கள் வருவதற்குள் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்த்தவரின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். காது கருவியையும் மூக்குக் கண்ணாடியையும் கட்டாயம் கூட அனுப்புங்கள். அவை இல்லாமல் அவசரப் பிரிவில் பரிசோதனை செய்தால் கேட்காததும் தெரியாததும் பக்கவாதக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. சொந்தக் காரில் அழைத்துப்போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுவோம். ஸ்கேன் அறை காத்திருக்கும். எந்த மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேன் உண்டு, எங்கே இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஸ்கேன் இல்லாத இடத்தில் போய் இறங்கிவிட்டு அங்கிருந்து வேறிடம் போவதில்தான் பாதிப் பேருக்கு நேரம் போகிறது.

மூத்த மகள்

என் அம்மாவுக்கு 82 வயது. அவர் ஒருநாள் காலையில் தலையின் வலப்பக்கத்தை மட்டும் வாரிக்கொண்டு வந்து நின்றார். இடப்பக்கம் அப்படியே கலைந்து கிடந்தது. புடவையின் இடப்பக்கம் தரையில் இழுபட்டது. "கையைத் தூக்குங்கள் அம்மா" என்றால், "தூக்கித்தானே இருக்கிறேன்" என்கிறார். கை மடியில் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை என்று கோபித்துக்கொண்டார். நான் அழைத்துவிட்டேன். அவர் இப்போது நலம். ஆனால் வேண்டாம் என்று சொல்பவரை வற்புறுத்தி அழைத்துப்போவது சரியா என்று உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

நரம்பியல் மருத்துவர்

சரியாகச் செய்தீர்கள் அம்மா. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் இடப்பக்கம் தளர்வது மட்டுமல்ல, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களின் கவனத்திலிருந்து அகன்றுவிடலாம். தட்டின் இடப்பாதி தீண்டப்படாமல் இருக்கும், கதவின் இடப்பக்க நிலையில் இடித்துக்கொள்வார்கள், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார்கள். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. நோய் எங்கே தாக்கியதோ அங்கேதான் நோயை உணரும் ஆற்றலும் இருந்தது. உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஐயம் கேட்பவன்

நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பிரினை மெல்லச் சொல்கிறார்கள். பக்கவாதமும் ரத்தக் கட்டியால்தானே வருகிறது? ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு ஆஸ்பிரின் கொடுத்தால் என்ன? ரத்த அழுத்தம் 200ஐத் தாண்டியிருந்தால் அதற்கான மாத்திரையையாவது கொடுக்கலாமே?

மருந்தாளுநர்

இரண்டையும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. மீதி ரத்தக் கசிவால் வருபவை. வெளியிலிருந்து பார்த்து இது அடைப்பு, இது கசிவு என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடுமையான தலைவலி, வாந்தி, நினைவு மங்கிக்கொண்டே போவது ஆகியவை கசிவை நினைக்க வைக்கும், அவ்வளவே. ஸ்கேன் சொல்லும் வரை ஆஸ்பிரின் கூடாது. கரைக்கும் ஊசி போட்டவருக்கும் பொதுவாக 24 மணி நேரம் கழித்து, மறுபடி ஸ்கேன் பார்த்த பிறகே ஆஸ்பிரின் தொடங்குவார்கள்.

ரத்த அழுத்தம்: அடைப்புக்கு அப்பால் உயிருக்குப் போராடும் பகுதிக்கு ரத்தத்தைத் தள்ளத்தான் உடல் அழுத்தத்தை ஏற்றிவைத்திருக்கிறது. வீட்டில் அதைக் குறைத்தால் அந்தப் பகுதியும் செத்துவிடலாம். ஊசி போடத் தகுதியுள்ளவருக்கு 185/110க்குக் கீழே கொண்டுவருவார்கள். ஊசியோ கட்டி அகற்றலோ இல்லாத அடைப்புப் பக்கவாதத்தில் 220/120 வரை பெரும்பாலும் தொடாமல் விடுவார்கள். கசிவு என்றால் கணக்கே வேறு, அங்கே குறைத்தாக வேண்டும். இதெல்லாம் ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்பவர்களின் வேலை.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு: விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் முதியவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே ஒரு பக்கம் தளரும், பேச்சு குழறும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் கடைசி மாத்திரை எப்போது விழுங்கினார் என்பதை மணிக்கணக்கோடு சொல்லுங்கள். புதிய வகை மாத்திரைகளில் 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் வழக்கமாகக் கரைக்கும் ஊசியைத் தவிர்ப்பார்கள். ஆனால் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சைக்கு அது தடையாகாது. அதனால் "இவர் ரத்த மாத்திரை எடுக்கிறார், ஊசி போட மாட்டார்கள், போய் என்ன பயன்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

விழுங்கல் பயிற்சியாளர்

மருந்தாளுநர் ஐயா மருந்து கூடாது என்றார். நான் தண்ணீரும் கூடாது என்கிறேன். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது நம்முடைய கை தானாகச் செய்யும் உதவி. தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். புரையேறி இருமினால் நமக்குத் தெரியும். பக்கவாதத்தில் பலருக்கு இருமலே வராது. ஒரு மிடறு குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தால் தண்ணீர் குரல்வளையில் நிற்கிறது என்று பொருள். பக்கவாதத்தில் தப்பித்த முதியவர்கள் அதற்குப் பின் வரும் நிமோனியாவில் போய்விடுவதைப் பார்க்கும் வேலை என்னுடையது.

முறையாக விழுங்கல் சோதனை முடியும் வரை வாய்வழியாக ஒன்றும் வேண்டாம். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுத்தாலோ நினைவு மங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்கி உட்கார வைக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும்.

மூத்த மகள்

தலைசுற்றல் பற்றியும் யாராவது சொல்லுங்கள். முதியோருக்குத் தலைசுற்றாத நாளே இல்லை.

நரம்பியல் மருத்துவர்

மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் முகம், கை, பேச்சு மூன்றும் ஒழுங்காக இருக்கலாம். அதனால்தான் இப்போது நடைத் தடுமாற்றத்தையும் பார்வைக் கோளாறையும் அடையாளப் பட்டியலில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். திடீரென்று தொடங்கி நில்லாமல் சுற்றுகிறது, பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியவில்லை, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, விழுங்க முடியவில்லை என்றால் காது நோய் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இந்த வகையில் முதல் சி.டி. ஸ்கேன் ஒன்றும் காட்டாமலும் போகலாம். "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பும்போது நடக்க முடியவில்லை என்றால் அதை உரத்துச் சொல்லுங்கள்.

கீழே விழுந்து கிடக்கும் முதியவரிடம் எலும்பு முறிந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். ஏன் விழுந்தார் என்றும் கேளுங்கள்.

ஐயம் கேட்பவன்

மனத்தில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன், யாரும் வருந்த வேண்டாம். என் அப்பாவுக்கு 88 வயது. குழாய்களோடு கிடக்க வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த வயதில் கட்டியைக் கரைக்கும் ஊசி, மூளைக்குள் குழாய் என்றெல்லாம் போட்டு அவரைத் துன்புறுத்த வேண்டுமா? ஊசியால் மூளையில் ரத்தம் கசியும் என்கிறார்களே.

நரம்பியல் மருத்துவர்

வருந்த என்ன இருக்கிறது? அப்பாவின் சொல்லை நினைத்துக் கேட்கிறீர்கள்.

கசியும் என்பது உண்மை. இந்த ஊசியின் பயனை முதலில் நிறுவிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கு நிலையை மோசமாக்கும் கசிவு வந்தது, போடாதவர்களில் 0.6 விழுக்காடு. அதையும் கணக்கில் சேர்த்த பிறகும், மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் ஊசி போட்டவர்களிடையேதான் அதிகம். 80 வயது என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்றால், 2008இல் நேர வரம்பை நாலரை மணிக்கு நீட்டிய ஆய்வு எண்பதைக் கடந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்க்காததைப் பயனில்லை என்று பலர் படித்துவிட்டார்கள். 2012இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 3,035 பேரில் பாதிக்கு மேல் எண்பதைக் கடந்தவர்கள். நேரத்தோடு போட்டால் அவர்களுக்கும் பயன் உண்டு என்றே அது காட்டியது. கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையிலும், 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எண்பதைக் கடந்தவர்கள் பயனடைந்தார்கள். தகுந்த ஸ்கேன் முடிவு இருந்தால் அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். தூக்கத்தில் வந்து நேரம் தெரியாமல் போனவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட வழி இருக்கிறது.

ஆனால் இளையவர் அளவுக்கு முதியவர் தேறுவதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். எலும்பும் தோலுமாகப் படுக்கையில் இருந்தவருக்கும், பக்கவாதம் வந்த அன்று காலையில் தானே நடந்து போய்ப் பத்திரிகை படித்தவருக்கும் ஒரே முடிவு எடுக்க மாட்டோம், இருவருக்கும் 88 வயதாகவே இருந்தாலும்.

உங்கள் அப்பாவின் விருப்பத்தை அவசரப் பிரிவில் முதல் ஆளாகச் சொல்லுங்கள். அதை மதிப்பது எங்கள் கடமை. வீட்டில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அவர் அஞ்சியது நெடுநாள் படுக்கையில் கிடப்பதை. பக்கவாதத்தைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் நேர்வது அதுதான்.

ஐயம் கேட்பவன்

கடைசி வரி என்னை யோசிக்க வைக்கிறது. அப்பாவிடமே உட்கார்ந்து தெளிவாகக் கேட்கப்போகிறேன். ஊசிக்குச் சம்மதமா, செயற்கை மூச்சுக்குச் சம்மதமா என்று தனித்தனியாக. மூளைக்குள் குழாய் செலுத்தும் சிகிச்சை விஷயத்தில் என் மனம் இன்னும் மாறவில்லை.

இரவுப்பணிச் செவிலி

தானாகச் சரியாகிவிட்டால்? எங்கள் இல்லத்தில் ஒரு ஐயாவுக்கு வாய் கோணி, சிறிது நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் ஆகிவிட்டது. குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. அனுப்பி வைத்தேன், நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

நரம்பியல் மருத்துவர்

விடாதது நல்லது. உடனடிச் சிகிச்சை வழக்கமாகாத காலத்து ஆய்வு ஒன்றில், இப்படி வந்து மறைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களுக்குள். ஆகவே மறைந்தாலும் அன்றே போக வேண்டும். கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, சிலருக்கு முதல் மூன்று வாரம் ஆஸ்பிரினோடு அதைப் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது பயன் தருகிறது. அந்த ஐயாவைப் போல் நாடி ஒழுங்கற்றவர்களுக்கு உறைவைத் தடுக்கும் மாத்திரை. அத்தகைய நாடி பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். எண்பதுகளில் இருப்பவர்களின் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அதுவே காரணம். "விழுந்துவிடுவார், ரத்தம் கசியும்" என்று அஞ்சி முதியவருக்கு இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கீழே விழும் பயம் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. உங்கள் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள்.

இரவுப்பணிச் செவிலி

எல்லோருக்கும் நன்றி. இங்கே படித்ததை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யத் தொடங்கியிருக்கிறோம். வழக்கமான முகத்தின் நேர்ப்படம் ஒன்று, பல்செட்டோடும் இல்லாமலும். எந்தக் கை எவ்வளவு உயரும். எப்படிப் பேசுவார், பெயர் கேட்டால் சொல்வாரா. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாரா. என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. இரவுச் சுற்றில் விழித்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசி அந்த நேரத்தையும் குறித்துவிடச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக நன்றாக இருந்த நேரம் அதில் கிடைத்துவிடும்.

ஆம்புலன்ஸ் பணியாளன்

மிகவும் நல்லது அம்மா. முடிவெடுக்கும் உரிமையுள்ள உறவினரின் எண்ணையும் அதிலேயே எழுதுங்கள், இரவில் எடுக்கக்கூடிய எண்ணாக இருக்கட்டும். தாளை அலுவலக அலமாரியில் வைக்காமல் கட்டிலின் தலைமாட்டில் மாட்டிவிடுங்கள். பல இடங்களில் நாங்கள் போகும்போது அலமாரி பூட்டியிருக்கிறது, சாவி பகல் பணிக்காரரிடம் இருக்கிறது.